"எனக்கே தெரியல சித்தி"

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் அக்காள் பதினான்கு மாதங்களுக்கு முன்பு இருசக்கர வாகன விபத்தில் இறந்துபோனாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் மகன் சிராய்ப்புகளோடு தப்பித்தான். அவனுக்கு இப்போது ஏழு வயது. அத்தான் துபாயில் வேலை பார்ப்பதால் அவன் என்னிடமும் என் அம்மாவிடமும் வளர்கிறான். மூன்று வயதிலேயே கழிவறைக்குப் போகப் பழகிய பிள்ளை, கடந்த எட்டு மாதங்களாக டவுசரிலேயே மலம் கழிக்கிறான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைகூடச் சிறிது சிறிதாகக் கறை படுகிறது. அவனாக வந்து சொல்வதில்லை. அழுக்கான ஜட்டிகளை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான். கேட்டால், "எனக்கே தெரியல சித்தி" என்கிறான். தண்ணீராகப் போவதைப் பார்த்துப் பேதி என்று நினைத்து, வாழைப்பழத்தை நிறுத்திவிட்டுப் பேதி நிற்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இதற்கு நடுவில் ஐந்து நாள், ஆறு நாள் கழிவறைப் பக்கமே போகாமல் இருந்து, பிறகு ஒருநாள் கோப்பையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் போகிறான். எங்கள் கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அக்காள் இருந்தவரை கதவுக்கு வெளியே நின்று அவனோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். இப்போது தனியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. "அம்மா இல்லாத பிள்ளைன்னு செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார்கள் உறவினர்கள். அம்மா மந்திரித்துத் தாயத்து கட்டியிருக்கிறார். பள்ளியில் இதைச் சரிசெய்துவிட்டு அனுப்பச் சொல்கிறார்கள். போன வாரம் ஆத்திரத்தில் அவனை அடித்துவிட்டேன். இது மனநோயா, வயிற்றுக் கோளாறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இரண்டும் இருக்கலாம். ஆனால் வைத்தியத்தை வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், அவன் உங்களிடம் சொன்ன பதிலை நீங்கள் நம்ப வேண்டும். "எனக்கே தெரியல" என்று அவன் சொல்வது அநேகமாக முழு உண்மை.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் நாள்பட்ட மலச்சிக்கலையே காட்டுகின்றன. நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகள் உடையில் மலம் கழிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஏதோ ஒரு பயத்தாலோ, ஒருமுறை வலித்ததாலோ, பிள்ளை மலத்தை அடக்கத் தொடங்குகிறது. அடக்கிய மலம் மலக்குடலிலேயே தங்கி, அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு, இறுகிப் பெருக்கிறது. அடுத்த முறை போகும்போது வலிக்கிறது. வலித்ததால் பிள்ளை மேலும் அடக்குகிறது. இப்படியே சில மாதங்கள் போனால் மலக்குடல் விரிந்து தளர்ந்து, 'வருகிறது' என்று மூளைக்குச் சொல்லும் உணர்வை இழந்துவிடுகிறது. மேலிருந்து இறங்கும் இளகிய மலம், அடைத்துக்கொண்டிருக்கும் கெட்டி மலத்தைச் சுற்றிக் கசிந்து, பிள்ளைக்குத் தெரியாமலேயே உடையில் படிகிறது. நீங்கள் பேதி என்று நினைத்தது இந்தக் கசிவைத்தான். அந்த மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கியிருக்கும். இனி கொடுக்க வேண்டாம். இந்தத் தவறைச் செய்யாத பெற்றோரை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன் என்பதால், அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

நாளெல்லாம் அந்த வாடையோடேயே இருப்பதால் அவன் மூக்கும் அதற்குப் பழகிப்போயிருக்கும். "இவ்வளவு நாறுது, உனக்குத் தெரியலையா?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருக்காது.

இனி மனத்தின் பக்கம் வருவோம். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அக்காள் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பாள் என்று. என் கண் அந்த வரியில்தான் நின்றது. வீட்டின் மற்ற இடங்களில் அம்மா இல்லாத குறையை நீங்களும் பாட்டியும் ஓரளவு நிரப்பியிருப்பீர்கள். சோறு ஊட்ட ஆள் இருக்கிறது, தலை சீவிவிட ஆள் இருக்கிறது. கொல்லைப்புறக் கதவுக்கு வெளியே மட்டும் யாரும் இல்லை. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்திருப்பது, அம்மா இல்லை என்பதை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தெரிந்துகொள்வதற்குச் சமம். போகாமல் அடக்கிக்கொள்வது அந்த வயதுப் பிள்ளைக்கு எளிதாகத் தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்தான். அவன் வாயால் சொன்னதல்ல. துக்க வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறியிருக்கும், காய்கறி குறைந்திருக்கும், காலையில் யாரும் 'போய்விட்டு வா' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இதெல்லாமும் சேர்ந்துதான் மலச்சிக்கலைத் தொடங்கி வைக்கும். தொடங்கியது துக்கத்தாலோ பயத்தாலோ இருந்தாலும், இப்போது அதைத் தொடர வைப்பது விரிந்துபோன மலக்குடல். ஆறுதல் வார்த்தை மட்டும் சொல்லி அதைச் சரிசெய்ய முடியாது. மருந்து மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் திரும்ப வந்துவிடும்.

முதலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் அவர் சொல்லிவிடுவார். பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல் இருந்ததா, கால்களில் பலவீனம் உண்டா, நடை மாறியிருக்கிறதா, முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருக்கிறதா, எடை குறைகிறதா, வயிறு உப்பி வாந்தி வருகிறதா என்பதையெல்லாம் அவர் கேட்பார். விபத்தில் சிக்கிய பிள்ளை என்பதால், அந்த விபத்தைப் பற்றியும் முதுகில் அடிபட்டதா என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

வைத்தியம் இரண்டு கட்டமாக நடக்கும். தங்கியிருக்கும் மலத்தை வெளியேற்றுவது முதல் கட்டம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூளை இதற்குக் கொடுப்பார்கள். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சில நாள்களில் கசிவு குறையாமல் கூடவே செய்யும் என்பதால், நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வரும்போது தொடங்குவது நல்லது. வாய்வழி மருந்தே போதுமானதாக இருந்தால், எனிமா வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளையைப் பிடித்து அமுக்கி எனிமா கொடுப்பது, கழிவறையின் மேலுள்ள பயத்தோடு இன்னொரு பயத்தைச் சேர்க்கும். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது வயிற்றைப் பிசைந்து வலிக்க வைக்கும், அந்த வலிதான் அவனை அடக்கப் பழக்கியது.

இரண்டாவது கட்டம் மலம் இறுகாமல் பார்த்துக்கொள்வது. அந்தத் தூளையே குறைந்த அளவில் இரண்டு மாதங்களாவது, பெரும்பாலும் அதற்கும் மேலே பல மாதங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். பத்து நாளில் உடை சுத்தமாக இருப்பதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிட்டு, மூன்றாம் வாரம் மறுபடி வந்து நிற்பவர்களே அதிகம். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கி உணர்வு திரும்ப அவ்வளவு காலம் பிடிக்கிறது. கீரை, கொய்யா, பப்பாளி, நீங்கள் நிறுத்திய வாழைப்பழம் எல்லாம் கொடுங்கள். பாலை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உணவு மாற்றத்தை மட்டுமே நம்பி மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

இதோடு, காலைச் சாப்பாட்டுக்குப் பின்னும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் அவன் கழிவறையில் உட்கார்ந்து பழக வேண்டும். சாப்பிட்டவுடன் குடல் தானாகவே அசைந்து கொடுக்கும் என்பதால் அதுதான் ஏற்ற நேரம். குந்தி உட்காரும் கோப்பையில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு சிரமம் உண்டு: கால் வைக்கும் இடங்கள் பெரியவர்களின் அளவுக்கு விலகியிருப்பதால், விழுந்துவிடுவோமோ என்று உடம்பை இறுக்கிக்கொள்வார்கள். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியோ கயிறோ இருக்கட்டும், தரை வழுக்காமல் இருக்கட்டும், நல்ல வெளிச்சம் தரும் பல்பு ஒன்று போடுங்கள். அதோடு கதவுக்கு வெளியே நீங்கள் நின்று பேசுங்கள். "அம்மா மாதிரி நானும் நிக்கறேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. "நான் இங்கேதான் துணி காயப் போட்டுட்டு இருக்கேன், நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். சில வாரங்கள் கழித்துக் கதவிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கும் நீங்கள் நகர்ந்து போகலாம். மலம் வந்ததா இல்லையா என்பதற்குப் பரிசு கொடுக்காதீர்கள்; அது அவன் கையில் இல்லை. சொன்ன நேரத்துக்குப் போய் உட்கார்ந்தான் என்பதற்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம் ஒட்டினால் போதும்.

ஒளித்து வைக்கும் ஜட்டிகளைப் பற்றி: அரிசி டிரம்முக்குப் பின்னால் தேடுவதை விட்டுவிட்டு, கழிவறைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். "இதுல போட்டுடு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று ஒருமுறை சொல்லுங்கள். சொன்னபடி கேட்காமலும் இருங்கள். வாளியில் போடுவது அவன் வேலை, துவைப்பது பெரியவர்கள் வேலை. தண்டனையாக அவனையே துவைக்க வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஜட்டி மறுபடியும் டிரம்முக்குப் பின்னால்தான் போகும். அத்தானிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். துபாயிலிருந்து போன் வந்ததும் முதல் கேள்வியே "இன்னிக்கு ஒழுங்கா போனியா?" என்று இருந்தால், அப்பாவின் அழைப்பையே பிள்ளை தவிர்க்கத் தொடங்கும்.

நீங்கள் அடித்ததை அவன் மறந்திருக்க மாட்டான். "அன்னிக்கு அடிச்சது என் தப்பு. நீ வேணும்னு செய்யலன்னு டாக்டர் சொன்னார்" என்று நேராகச் சொல்லுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லைதான். இந்த ஒரு விஷயத்தில் அதை மீறலாம். தாயத்தைப் பற்றிக் கேட்காமலேயே எழுதியிருக்கிறீர்கள். பாட்டியின் மனநிம்மதிக்காக அது இருந்துவிட்டுப் போகட்டும். 'காத்துக் கருப்பு பிடித்திருக்கிறது' என்று பிள்ளையின் காதுபடப் பேசுவதையும், சூடு வைப்பேன் என்று மிரட்டுவதையும் மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள்.

அம்மாவின் மரணத்தைப் பற்றி அவனிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 'ஊருக்குப் போயிருக்கிறாள்', 'தூங்குகிறாள்', 'சாமிகிட்ட போயிட்டாள்' என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் தூங்கவே பயப்படுவதையும், வாசலிலேயே காத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். 'இறந்துவிட்டாள், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வர மாட்டாள், அது உன்னால் நடந்ததல்ல' என்பதை அவனுக்குப் புரியும் பேச்சில், அவன் கேட்கும்போதெல்லாம் அலுக்காமல் சொல்ல வேண்டும். கடைசி வாக்கியம் மிக முக்கியம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த பிள்ளை, 'நான் ஆடினதாலதான் அம்மா விழுந்தாள்' என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். அதை யாரிடமும் சொல்லியிருக்காது. அவனுக்குத் திரும்பத் திரும்ப அந்த விபத்தே கனவில் வருகிறதா, பொம்மை வண்டிகளை மோதவிட்டு ஒரே விளையாட்டைச் சந்தோஷமில்லாமல் ஆடுகிறானா, வண்டியில் ஏற மறுக்கிறானா, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறானா, அம்மாவின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறானா என்று கவனியுங்கள். இவற்றில் சில இருந்தாலும், மருந்தோடு கூடவே மனநல ஆலோசனையும் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தொலைபேசி வழி மனநல உதவி தரும் அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து, தமிழிலேயே பேசி வழி கேட்கலாம். பேச்சாலும் விளையாட்டாலும் வரைவதாலும், நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்ல வைக்கும் சிகிச்சைதான் மனநல ஆலோசனை; மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது.

பள்ளி சொல்வதை ஏற்காதீர்கள். குணமாகப் பல மாதங்கள் பிடிக்கும் ஒரு கோளாறுக்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தினால், அம்மாவை இழந்தவன் நண்பர்களையும் இழப்பான். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய், வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். பையில் ஒரு மாற்று டவுசர், ஒரு பிளாஸ்டிக் கவர், ஈரத்துணி. கேட்காமலேயே எழுந்து போகும் அனுமதி. இவ்வளவுதான் அவர்கள் செய்ய வேண்டியது. பிள்ளைகளை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதை, தேவைப்பட்டால் மட்டும், பணிவாக நினைவூட்டலாம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே வாரத்தில் நான்கைந்து இரவுகள் படுக்கையை நனைக்கிறான். பகலில் எந்தப் பிரச்சினையும் இல்லை, மலச்சிக்கலும் இல்லை. ஏதோ மன அதிர்ச்சி என்று படித்ததிலிருந்து, நானும் மனைவியும் எங்கள் சண்டைகளைத்தான் காரணமாக நினைத்து வருந்துகிறோம்.
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: உங்கள் சண்டைகளைக் குறைத்துக்கொள்வது எப்படியும் நல்லதுதான். ஆனால் படுக்கை நனைவதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கினால்தான், அதிர்ச்சி ஏதும் நடந்ததா என்று முக்கியமாகத் தேடுகிறோம். அத்தகைய பிள்ளைக்குத் தாகம் அதிகமாகி, எடையும் குறைந்தால் அன்றைக்கே சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்தே இரவில் மட்டும் நனைப்பது பெரும்பாலும் பரம்பரை வழி வருவது. ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. அவர்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகவும் கூடும். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார். ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சத்தமாகக் குறட்டை விட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈரம் பட்டதும் மணியடிக்கும் கருவியைச் சில மாதங்கள் விடாமல் பயன்படுத்தினால் பலருக்குக் குணமாகிறது. உறவினர் வீட்டுத் திருமணம், பள்ளிச் சுற்றுலா போன்ற இரவுகளுக்கு மட்டும் மருத்துவர் மாத்திரை தரலாம்.

கேள்வி: ஐந்து வயது மகள் மூன்று வாரங்களாகப் பகலிலேயே உடையில் சிறுநீர் கழிக்கிறாள். தம்பி பிறந்து ஒரு மாதமாகிறது. அதே நேரத்தில்தான் அவளைப் புதிய வேனில் அனுப்பத் தொடங்கினோம். பாலியல் தொல்லைக்கு இது ஓர் அறிகுறி என்று கேள்விப்பட்டு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நேராகக் கேட்டுவிடலாமா?
– ஒரு தாய், விழுப்புரம்

பதில்: உடையில் சிறுநீர் கழிப்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. அப்படி இருக்காது என்று உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பவும் என்னால் முடியாது. தம்பி பிறந்ததும் அக்காக்கள் பழைய நிலைக்குப் போவது மிகச் சாதாரணம். மடியில் ஏறுவார்கள், பால் புட்டி கேட்பார்கள், நனைத்தும் வைப்பார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இதேபோல் நடக்கும். அதனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. கழிக்கும்போது எரிகிறதா என்றும் கேளுங்கள்.

கேட்கும் முறையில்தான் கவனம் வேண்டும். "வேன் அங்கிள் உன்னைத் தொட்டாரா?" என்று நீங்களே பதிலை வைத்துக் கேட்டால், பயந்த பிள்ளை 'ஆமாம்' என்றும் சொல்லும், 'இல்லை' என்றும் சொல்லும், இரண்டையும் நம்ப முடியாமல் போய்விடும். குளிப்பாட்டும்போதோ படுக்கும்போதோ, "வேன்ல யார் பக்கத்துல உக்காந்த? என்னென்ன பண்ணீங்க?" என்று நாளின் கதையைக் கேளுங்கள். குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒதுங்குகிறாளா, வேன் ஏற அழுகிறாளா, உள்ளாடையைக் கழற்ற விடாமல் பிடித்துக்கொள்கிறாளா, வலியோ ரத்தமோ காயமோ இருக்கிறதா, வயதுக்கு மீறிய விளையாட்டு ஏதும் புதிதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். அவளாக எதையாவது சொன்னால் குரலை உயர்த்தாமல் கேட்டு, "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல" என்று சொல்லி, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். குடும்ப மானம் கருதி உறவுக்குள் பேசி முடிக்கும் விஷயம் அல்ல அது. மேற்சொன்ன அடையாளம் எதுவும் இல்லையென்றால், தம்பி தூங்கும் நேரத்தில் தினமும் கால் மணி நேரம் அவளை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் போன் இல்லாமல். இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் பார்த்தும் குறையாவிட்டால் மருத்துவரிடம் வாருங்கள்.

கேள்வி: நான் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர் மூழ்கியபோது, என் வகுப்பு மாணவி ஒருத்தி, அப்போது நான்கு வயதுக் குழந்தை, குடும்பத்தோடு இரண்டு நாள் மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டிருந்தாளாம். இப்போது இரண்டாம் வகுப்பு. சாதாரண நாள்களில் சரியாக இருப்பவள், பலத்த மழை பெய்தால் இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரு ஆசிரியை என்ன செய்ய முடியும்?
– தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பெரியவர்களே இன்னும் பேசி முடிக்கவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு அது முழுதும் வார்த்தையாக நினைவில் இல்லாமல் போகலாம். ஓட்டின் மேலும் தகரத்தின் மேலும் விழும் மழையின் ஓசையாக உடம்பில் இருக்கும். அந்த ஓசை கேட்டதும் 'ஆபத்து' என்று உடம்பு முடிவு செய்துவிடுகிறது. பயம் மிகுந்த அந்தக் கணத்தில் சிறுநீரை அடக்கும் கட்டுப்பாடு நழுவிப்போகிறது. அந்த இரண்டு நாளும் அந்த மாடியில் கழிவறை இருந்திருக்காது. அவள் நனைத்ததற்கு யாராவது அப்போதே திட்டியிருக்கவும் கூடும். அவள் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் முதலான நகரங்களின் பிள்ளைகளைக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்பிவைத்தபோது, அடைக்கலம் கொடுத்த வீட்டுக்காரர்களிடமிருந்து அரசுக்கு வந்த புகார்களில் பெரிய புகாரே மெத்தை நனைவதுதான். பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று முதலில் தாய்மார்களைத்தான் திட்டினார்கள். பெற்றோரைப் பிரிந்து வந்ததால் நேர்ந்தது என்பது பிறகே பலருக்கும் உறைத்தது.

உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வானம் கறுத்ததுமே, மழை தொடங்குவதற்கு முன்பாக, மொத்த வகுப்பையும் வரிசையாகக் கழிவறைக்கு அனுப்பிவிடுங்கள். அவளை மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம். கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாததாலேயே காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டு, சிறுநீர்த் தொற்றோடு வரும் சிறுமிகள் ஏராளம். அவளுக்கும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால், தேவைப்பட்டால் பிள்ளைகளின் உடல், வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். மழை பெய்யும்போது அவள் இடத்தை உங்கள் மேசைக்குப் பக்கத்தில் மாற்றி, "இது மழை மட்டும்தான், தண்ணி வாய்க்கால்ல போகுது பாரு, நம்ம பள்ளிக்கூடம் மேட்டுல இருக்கு" என்று கண்ணுக்குத் தெரிவதைக் காட்டிச் சொல்லுங்கள். 'பயப்படாதே' என்ற சொல்லைவிட, வாய்க்காலில் தண்ணீர் வடிவதை நேரில் காண்பது அவளுக்குப் பயன்படும். மழையில்லாத நாளில், தகரத்தில் தண்ணீர் தெளித்து ஓசை எழுப்பும் விளையாட்டை, அவள் விரும்பினால் மட்டும், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆட விடலாம்.

சிரிக்கும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதால் அவள்மேல் இன்னும் பத்துக் கண்கள் திரும்பும். தரையில் ஒரு குவளைத் தண்ணீர் சிந்தியதைப் போல எடுத்துக்கொண்டு, துணியை எடுத்து நீங்களே துடையுங்கள். அதைப் பார்த்து அவர்களும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். வகுப்பு அலமாரியில் மாற்றுப் பாவாடை ஒன்று வையுங்கள் என்று எழுத வந்தேன். ஒன்று போதாது, டவுசரும் பாவாடையுமாக நான்கைந்து இருக்கட்டும். அந்த வெள்ளத்தில் மாடியில் நின்ற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இன்னும் சிலர் இருப்பார்கள்.